இறைத்த கிணறு ஊறும்

(எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் சேகரகுரு ஐயர் அவர்களே, ஐயரம்மா அவர்களே, சபை ஊழியர் அவர்களே, கமிட்டிச் செயலாளர், பொருளாளர், அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, நம் அழைப்பை ஏற்று முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, விடுமுறை போட்டு வந்திருக்கும் சென்னை, மும்பைக் குடும்பத்தாரே, விடியற்காலையிலிருந்து அடுப்போடு போராடிக்கொண்டிருக்கும் அசனக் குழுத் தம்பிமாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இதோடு வீட்டில் 18 பொன்னாடை சேர்ந்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பணத்துக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தாருங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

“தேங்கிப் போகாத விசுவாசம்” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேதம், ஜெபம், ஊழியம் என்று மூன்று பகுதியாகப் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன், என்னைத் தெரிந்தவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்.

இது எனக்கு ஏட்டில் படித்த பழமொழி இல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் தாத்தா வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. தேரி மண்ணில் கிணறு வெட்டுவது என்ன பாடு என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். வெட்ட வெட்டச் சரியும். அப்படி வெட்டிய கிணற்றில் தெருவே தண்ணீர் எடுத்தது. பிறகு தெருக்குழாய் வந்தது. கப்பி துருப்பிடித்தது. கிணற்றின் மேல் தகரத்தைப் போட்டு மூடினார்கள். ஆச்சி அந்தத் தகரத்தில் வற்றல் காயப்போட்டாள்.

ஒரு கோடையில் குழாய் நின்றுவிட்டது. தகரத்தை நகர்த்தினால், ஐயா, அந்த நாற்றத்தை இந்தப் பண்டிகை நாளில் வர்ணிக்க மாட்டேன். தூர் வார மூன்று பேர் வந்தார்கள். முதல் நாள் கறுப்புச் சேறு. இரண்டாம் நாள் சாமான்கள் வர ஆரம்பித்தன. வாளிகள் வந்தன. விழுந்த வாளியை எடுக்க நாங்கள் இறக்கிய பாதாளக் கரண்டி வந்தது. மீட்கப் போனதே விழுந்து கிடந்திருக்கிறது! சில கமிட்டிகளைப் போல. (ஐயர் சிரிக்கிறார், செயலாளர் மன்னிக்க வேண்டும்.) என்னுடைய பம்பரம் வந்தது. கடைசியாக ஒரு வெண்கலச் செம்பு வந்தது.

செம்பைப் பார்த்ததும் ஆச்சி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் செம்பை மேலவீட்டுப் பெரியம்மை எடுத்துவிட்டதாக 11 வருஷம் சாதித்தவள் அவள். நற்கருணைக்கு முழங்காலிடும்போதுகூட அந்தப் பெரியம்மைக்குப் பக்கத்தில் இட மாட்டாள். இரண்டு பேர் தள்ளித்தான் இடுவாள். அன்றைக்குப் புளி போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், செம்பு பொன்னாக மின்னுகிற வரைக்கும் தேய்த்தாள். அது நிறையப் பதநீர் ஊற்றிக்கொண்டு மேலவீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். “மதினி, செம்பு என் கிணற்றிலேயே கிடந்திருக்கிறது” என்றாள். பெரியம்மை செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் எடுத்ததாகச் சொன்ன செம்பு இதைவிடப் பெரிதாயிற்றே” என்றாள். பதநீரை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மூன்றாம் நாள் வடக்குப் பக்கத்தில் ஊற்றுக்கண் திறந்தது. நூல் மாதிரி, கண்ணாடி மாதிரி. கீழே நின்றவர், “தண்ணீர் எங்கேயும் போகவில்லை ஐயா, கண்ணைத்தான் சேறு மூடிவிட்டது” என்று குரல் கொடுத்தார்.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு இதே வேலையைத்தான் செய்கிறான். தகப்பன் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். அவன் அவற்றை மறுபடியும் தோண்டுகிறான். நமக்கோ பெலிஸ்தர் தேவைப்படவில்லை, நாமே தகரம் போட்டு மூடிவிட்டோம். மோவாப் தேசத்தைப் பற்றி எரேமியா தீர்க்கதரிசி சொல்வதைப் பாருங்கள்: ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்தில் வார்க்கப்படாமல், வண்டலின்மேல் அசையாமல் கிடந்ததாம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், கல்லறைத் தோட்டம் என்று எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஒழுங்காக நடந்து முடிகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் லவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்பைப் பற்றி உபவாசக் கூட்டங்களில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள், நான் அதைத் தொடவில்லை.

வேதத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வருஷ முழுவதும் வேதாகமத்தைச் சுமந்துகொண்டு வருகிறோம், ஐயர் வசனம் சொன்னால் எசேக்கியேல் எங்கே என்று அட்டவணையைத் தேடுகிறோம். இது போதும், மேலே போகிறேன்.

வெள்ளாளன்விளை இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே 1874இல் பிறந்தவர் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்தச் செலவில் வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம் சபைகளுக்கு அப்போதே நூறாண்டு ஆகிவிட்டது. நம் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799இல் உண்டானது. இத்தனை காலம் வாங்கிக்கொண்டே இருந்தோமே, கொடுத்தோமா என்ற கேள்வியோடு திரும்பி வந்தார். மறு வருஷம், 1903இல், இந்திய மிஷனரிச் சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தெலுங்கு பேசத் தெரியாத நம் ஆட்கள் போய், தெலுங்கு படித்துப் பேசினார்கள். 1912இல் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின், அதாவது திருமண்டலத்தின், பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் அவர்தான். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, “சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ” என்று சொல்லச் சொல்வாராம். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்களும் சொன்னார்கள். இறைத்த கிணறு அது.

அதனால்தான் கேட்கிறேன். நம் கோயிலுக்குத் தெற்கே ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று இருக்கிறதே, அது என்ன? உங்கள் தாத்தா “அ” எழுதிய பள்ளிக்கூடம். இந்தச் சீமையில் கோயில் எழும்பிய இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் எழும்பியது. பல ஊர்களில் வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதே கூரைதான் கோயில். இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்ய, 1880 வரை, 33 வருஷம் ஆனது. கோயில் முடியட்டும், பிறகு பிள்ளைகளைப் பார்ப்போம் என்று கால்டுவெல் ஐயர் காத்திருக்கவில்லை. அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்து உட்கார்த்திப் படிப்பும் லேஸ் வேலையும் சொல்லிக்கொடுத்தார்.

நம்மிடம் இப்போது கோபுர நிதி இருக்கிறது. மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. நாம் அதை எட்டப்போவதில்லை, எட்டவும் வேண்டாம். நான் கோபுரத்துக்கு எதிரி இல்லை. என் பெயரும் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகள், நம் சபைப் பிள்ளைகளும் சபைக்கு வெளியே உள்ள பிள்ளைகளும், மாலையில் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அந்த ஓட்டுக் கட்டடத்தில் மூன்று டியூப் லைட், நான்கு பாய், வாரத்துக்கு ஐந்து மாலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்தக் கூட்டத்திலேயே ஏழு பேர் இருக்கிறோம்; எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். மருந்துக்கு அடுத்தபடி நமக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? நோட்டுப் புத்தகம் கேட்டது இதற்குத்தான்.

செயலாளர் துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார். “சோறு வெந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறார். ஜெபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஐயர் முடிவில் ஜெபிப்பார், அதைப் பகுதி இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடத்துப் பூட்டை நேற்று மாலை போய்ப் பார்த்தேன், துரு கையில் ஒட்டியது. சாவி பழைய செயலாளரிடம் என்கிறார் ஊழியர், ஊழியரிடம் என்கிறார் பழைய செயலாளர். பந்திக்கு உட்காரும் முன் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் என் காதில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் வாசலில்தான் நிற்பேன்.