ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வார இறுதியானால் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் பினாங்கில் நம்மவர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். டயரில் காற்று பார்ப்பார்கள், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள், கட்டிய கயிற்றை இரண்டு தடவை இழுத்தும் பார்ப்பார்கள். ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

சக்கரம் லேசாகச் சுழல உதவும் பேரிங் இருப்பது அதற்குள்தான். கிரீஸ் கெட்டு அது சூடேறினால் முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, சத்தமும் காதில் விழாது, கவனிக்காமல் விட்டால் ஹப்போடு சக்கரமே கழன்று நெடுஞ்சாலையில் உருண்டு பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மேல் மோதலாம். எனக்குப் பயமே அவரை நினைத்துத்தான்.

கிளம்பி 20 கிலோமீட்டர் போனதும் ஓரிடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஈப்போ பக்கம் போகிறவர்கள் குனோங் செமாங்கோல், சுங்கை பேராக் என்று ஓய்விடம் வரும்போதெல்லாம் இறங்கிப் பாருங்கள். புறங்கையை முதலில் ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அனல் அடிக்காவிட்டால் மட்டும் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட அதிகச் சூடு என்றால் அந்தச் சக்கரத்தில் ஏதோ கோளாறு, பேரிங்காகவும் இருக்கலாம், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்காகவும் இருக்கலாம். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள், கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் வளையமான சீல் போயிருந்தால் அங்கேதான் தெரியும்.

படகுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். பத்து காவானிலிருந்து 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் ஓடி வந்து, பத்து மாவுங்கில் அந்தச் சூட்டோடு டிரெய்லரைக் கடலுக்குள் இறக்கினால், ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். பிறகு திறந்து பார்த்தால் கிரீஸ் பால்போல வெளுத்திருக்கும், பேரிங்குக்குள் உருளும் ரோலரில் துரு பிடித்திருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள், மீன் எங்கேயும் போய்விடாது.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கடல் நீரைத் தாங்கும் கிரீஸ் புதிதாக வைத்து, சீலையும் மாற்றுங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டை ரொம்ப இறுக்கினாலும் சூடேறும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு சுற்றிவிட்டுக் கேளுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான்.

வழியில் ஹப் கொதித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு செட் பேரிங், சீல், கொஞ்சம் கிரீஸ் காரிலேயே இருந்தால், வருகிறவர் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்.