லீ நாவின் இரண்டு கோப்பைகளும் 2008-க்குப் பிறகுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"லீ நாவின் டென்னிஸ் வாழ்க்கையை உயர்த்தியது சீன அரசின் விளையாட்டுப் பள்ளி முறையா, 2008 முடிவில் கிடைத்த தனிவழியா?" இதுதான் தலைப்பு. தனிவழிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

தனிவழி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அவையில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதுவரை சீன வீராங்கனைக்குப் பயிற்சியாளர் யார், எந்த வாரம் எந்த ஊரில் ஆட வேண்டும், இரட்டையரில் யாரோடு இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அரசின் டென்னிஸ் நிர்வாக மையம்தான் தீர்மானித்தது. செலவை அரசு பார்த்துக்கொண்டது. பரிசுப் பணத்தில் 65 சதவீதம் அரசுக்குப் போனது. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும் லீ நா, ஜெங் ஜியே, யான் ஜி, பெங் ஷுவாய் ஆகிய நால்வருக்கும் புது ஏற்பாடு வந்தது. பயிற்சியாளரையும் பயணத் திட்டத்தையும் அவரவரே தேர்ந்தெடுக்கலாம், செலவும் அவரவருடையது. அரசுக்கு 8 முதல் 12 சதவீதம் கொடுத்தால் போதும்.

எதிரணித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். 1982-ல் வூஹானில் பிறந்த ஒரு குழந்தை அரசுப் பள்ளி இல்லாமல் டென்னிஸ் மட்டையைத் தொட்டிருக்குமா என்று கேட்டார். தொட்டிருக்காது! தந்தை இறகுப்பந்து ஆட்டக்காரர், மகளையும் அதில்தான் சேர்த்தார். எட்டு வயதை ஒட்டி அவரை டென்னிஸுக்கு மாற்றியது அந்தப் பள்ளி முறைதான். 14 வயதில் தந்தையை இழந்த பெண்ணை ஆட்டத்தில் நிலைநிறுத்தியதும் அதுதான். பந்து எழும்பும்போதே சந்தித்து, தட்டையாக, வேகமாக அடிக்கும் அந்த இரட்டைக்கை பேக்ஹேண்டும் (இடப்பக்க அடி) அங்கே ஆயிரம் ஆயிரமாக அடித்து வந்ததுதான். இதையெல்லாம் மறுக்க நான் வரவில்லை. தலைப்பு "தொடங்கி வைத்தது எது" என்று இருந்திருந்தால் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். "உயர்த்தியது எது" என்று கேட்டிருக்கிறார்கள்.

உயரத்தை அளந்து பார்ப்போம். 1999-ல் தொழில்முறை ஆட்டம் தொடங்கியதிலிருந்து 2008 முடிய, உலகப் பெண்கள் டென்னிஸின் பெரிய சுற்றுப் போட்டிகளில் லீ நா வென்ற ஒற்றையர் பட்டங்கள் இரண்டு: 2004 குவாங்சோ, 2008 கோல்ட் கோஸ்ட். கிராண்ட்ஸ்லாம், அதாவது ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு பெரும் போட்டிகளில் காலிறுதி ஒன்று, 2006 விம்பிள்டன். தரவரிசையில் தொட்ட உச்சம் 16. தனிவழிக்குப் பிந்தைய ஆறு பருவங்களில் ஏழு பட்டங்கள், ஒன்பது கிராண்ட்ஸ்லாம் காலிறுதிகள், நான்கு இறுதிகள், இரண்டு கோப்பைகள். 2014 பிப்ரவரியில் தரவரிசை 2. அதற்குள் அவருக்கு வயது 32 ஆகப்போகிறது, வலது முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. உடல் தேய்ந்துகொண்டே வந்த ஆண்டுகளில் ஆட்டம் ஏறியிருக்கிறது. அனுபவம் வந்தால் ஆட்டம் தானாக ஏறும் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் சொன்னார். தானாக ஏறுவதாக இருந்தால் 26 வயதில் 16-ஐத் தாண்டியிருக்க வேண்டாமா?

அதே நண்பர் ஏதென்ஸைக் காட்டினார். 2004 ஒலிம்பிக் இரட்டையரில் லீ டிங், சுன் தியன்தியன் தங்கம். 2006-ல் ஜெங் ஜியே, யான் ஜி இணை ஆஸ்திரேலிய ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றது. எல்லாம் அரசு முறைக்குள்ளேதான். ஆமாம் ஐயா, எல்லாம் இரட்டையர்! பதக்கத்துக்குக் குறுக்கு வழி இரட்டையர் என்று கணக்குப் போட்டு, அங்கே ஆட்களை இணைத்து இணைத்துப் பழக்கினார்கள். கணக்கு பலித்தது. இரட்டையரில் இணை உண்டு, பிரித்துக்கொள்ளும் மூலைகள் உண்டு, முன்கூட்டியே மனப்பாடம் செய்யும் நகர்வுகள் உண்டு. சொன்னதைச் செய்பவர் அங்கே ஜெயிக்கலாம்.

ஒற்றையரில் அது நடக்காது. லீ நா ஆடிய காலத்தில் கிராண்ட்ஸ்லாம் போட்டிக்கு நடுவே பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. செர்வ் எடுபடவில்லையா, எதிராளி பந்தை உயர்த்திப் போட்டுத் தொல்லை செய்கிறாளா, உள்ளே நிற்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவர்தான் மாற்ற வேண்டும். பத்து வயதிலிருந்து "ஏன்" என்று கேட்காமல் வளர்ந்த ஒருவருக்கு இதுதான் மிகக் கடினமான பாடம். லீ நாவின் பழைய தோல்விகளை எடுத்துப் பாருங்கள். முன்னிலையில் இருப்பார், வலப்பக்க அடியான ஃபோர்ஹேண்ட் ஒன்று வெளியே போகும், பிறகு வரிசையாக நான்கு போகும். அடிக்கும் திறமைக்குக் குறைவே இல்லை. தடுமாறும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

2002 முடிவில் அவர் தேசிய அணியை விட்டே போய்விட்டார் என்பதை எதிரணி லாவகமாகத் தாண்டிப் போனது. 20 வயதில், பெய்ஜிங் பல்கலைக்கழக விளையாட்டுகளில் மூன்று தங்கம் வென்ற மறு ஆண்டில், மட்டையை வைத்துவிட்டு வூஹானில் இதழியல் படிக்கப் போனார். 2004-ல் நிர்வாக மையத் தலைவர் சுன் ஜின்ஃபாங் பேசி அழைத்து வந்தார். திரும்பிய அதே ஆண்டு குவாங்சோவில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழைந்து பட்டத்தையே எடுத்தார், சீனாவுக்கு முதல் ஒற்றையர் பட்டம். தான் உருவாக்கிய சிறந்த வீராங்கனையையே இரண்டு ஆண்டு வீட்டுக்கு அனுப்பிவைத்த முறையை, உயர்த்திய முறை என்று எப்படிச் சொல்வது?

இப்போது 2011-க்கு வருகிறேன். என் வாதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஜனவரியில் சிட்னி இறுதி. பெல்ஜிய வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸிடம் முதல் செட்டில் 0-5 என்று பின்தங்கி, அந்த செட்டையும் ஆட்டத்தையும் வென்றார். இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி, மறுபடியும் கிளைஸ்டர்ஸ். முதல் செட் 6-3 லீ நாவுக்கு. அடுத்த இரண்டும் 3-6, 3-6. நடுவில், தனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தும்படி அரங்கில் இருந்த சீன ரசிகர்களிடம் சொல்லுங்கள் என்று ஆட்ட நடுவரிடமே முறையிட்டார். பாவம், அங்கேயும் யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்! அதன் பிறகு வந்த போட்டிகளில் தொடக்கச் சுற்றுகளிலேயே வரிசையாகத் தோல்வி. பயிற்சியாளராக இருந்தவர் கணவர் ஜியாங் ஷான். வசந்தகாலத்தில் லீ நா அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, டென்மார்க்கின் மைக்கேல் மார்டென்சனைக் கொண்டுவந்தார். கணவர் கணவராகவே தொடர்ந்தார், நன்றாகவே தொடர்ந்தார். மாட்ரிட், ரோம் இரண்டிலும் அரையிறுதி. அதுவரை அவர் பட்டமே வென்றிராத தரை களிமண். பாரிஸில், பிரெஞ்சு ஓப்பனில், கிவிடோவா, அசரென்கா, ஷரபோவா என்று ஒவ்வொருவராகத் தாண்டி, ஜூன் 4 அன்று முந்தைய ஆண்டின் சாம்பியன் பிரான்செஸ்கா ஸ்கியவோனேவை 6-4, 7-6 என்று வென்றார். இரண்டாம் செட்டில் 5-6, டியூஸ், அதாவது புள்ளிகள் சமம். அங்கிருந்து தொடர்ந்து ஒன்பது புள்ளிகள் லீ நாவுக்கு, 6-6 ஆனதும் ஆடும் டைபிரேக் 7-0. பழைய லீ நாவாக இருந்தால் சரியத் தொடங்கும் இடம் அது. ஆசிய நாடொன்றின் கொடியோடு ஆடிய ஒருவர் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வென்றது அதுவே முதல்முறை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தப் பட்டத்துக்குப் பரிசு 12 லட்சம் யூரோ. பழைய விகிதத்தில் 7,80,000 போயிருக்கும், கையில் 4,20,000. புதிய விகிதத்தில் அதிகபட்சமாக 1,44,000 போனது. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று எதிரணித் தலைவர் சொன்னார். ஊற்றினான், சரி, ஆனால் காய்த்ததும் நூற்றுக்கு அறுபத்தைந்து காயை எடுத்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு உரம் யார் போடுவது? மிஞ்சிய பணம் குழுவுக்குப் போனது. முழுநேரப் பயிற்சியாளர், உடல் தகுதிக்கும் காயங்களுக்கும் ஜெர்மனியின் அலெக்ஸ் ஸ்டோபர், கூடவே பயணம் செய்யும் பயிற்சி இணையாகக் கணவர். இத்தனை பேரின் விமானச் சீட்டும் விடுதியும் ஆண்டு முழுக்க நடக்கும் செலவு. ஒப்பந்தங்களைக் கவனிக்க மேக்ஸ் ஐசன்பட் என்ற முகவர். நைக் அப்போது தன் ஆடையில் வேறு நிறுவனச் சின்னத்தை விடாது. லீ நாவுக்காக மட்டும் விலக்கு வாங்கி மெர்சிடஸ் சின்னத்தை அதே சட்டையில் ஒட்டவைத்தவர் அவர்.

நாட்காட்டி விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளால் ஆனது. லீ நா ஆடிய காலத்தில் ஒற்றையரில் எடுத்துக்கொண்டது பொதுவாக 16 போட்டிகள். சென்ற ஆண்டு வாங்கிய புள்ளி இந்த ஆண்டு அதே வாரத்தில் கழிந்துவிடும். மூன்று முறை அறுத்த முழங்கால்காரர் எந்த வாரம் ஓய்வெடுப்பது, எந்தத் தரையில் ஆடாமல் விடுவது என்பது மருத்துவ முடிவும் கணக்கு முடிவும் சேர்ந்தது. பதக்கத்தையும் உள்நாட்டுப் போட்டியையும் மனதில் வைத்து அட்டவணை போடும் அலுவலகத்தால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, அவர்கள் நோக்கம் வேறு.

பாரிஸுக்குப் பிறகு சறுக்கல் இல்லையா? இருந்தது. அதே ஆண்டு விம்பிள்டனில் இரண்டாம் சுற்று, அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்று. சுதந்திரம் வந்தால் சறுக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. சறுக்கினால் என்ன செய்ய முடிந்தது என்று பாருங்கள். 2012 ஆகஸ்டில், பெல்ஜிய வீராங்கனை ஜஸ்டின் ஹெனினை வளர்த்த கார்லோஸ் ரோட்ரிகஸை அமர்த்தினார். சேர்ந்ததும் சின்சினாட்டி பட்டம். ரோட்ரிகஸ் பேக்ஹேண்டைத் தொடவில்லை. கை வைத்தது இரண்டு பலவீனங்களில்: ஃபோர்ஹேண்டில் சுழற்சியைக் கூட்டினார், செர்வைத் திருத்தினார். வலைக்கு முன்னே வரவும் பழக்கினார். தட்டையாக அடிப்பவருக்குச் சுழற்சி எதற்கு? தட்டைப் பந்து வலையை ஒட்டியே போகும், கை இறுகினால் வலையில் மாட்டும் அல்லது கோட்டைத் தாண்டும். சுழற்சி இருந்தால் வலைக்கு மேலே தாராளமாகப் போய் உள்ளே இறங்கும். பதற்றத்தில் வரிசையாக நான்கு வெளியே போகிறது என்றேனே, அதற்கான மருந்து இது. 30 வயதைத் தாண்டியவர் தன் அடியையே மாற்றிக்கொள்வது லேசான காரியமில்லை. கட்டளையால் நடக்காது, தானே விரும்பிக் கேட்டால்தான் நடக்கும்.

பலன் 2013 ஆஸ்திரேலிய இறுதி. கணுக்கால் இரண்டு முறை பிசகி, தலையும் தரையில் மோதி, அசரென்காவிடம் மூன்று செட்டில் தோற்றார். 2014-ல் அதே மெல்போர்னில், மூன்றாம் சுற்றில் சஃபரோவாவிடம் முதல் செட் 1-6, பிறகு, இன்னொரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட்டையே தடுத்துத் தப்பினார். இறுதியில் சிபுல்கோவாவை 7-6, 6-0. கோப்பையோடு பேசியபோது முகவருக்கு, தன்னைப் பணக்காரி ஆக்கியதற்காக நன்றி சொன்னார். ரோட்ரிகஸுக்குச் சொன்னார், கணவரைக் கிண்டல் செய்துகொண்டே சொன்னார். அரங்கம் சிரித்தது. நன்றிப் பட்டியலில் எந்த அதிகாரியும் இல்லை. ஊர் திரும்பியதும், வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாண அதிகாரிகள் 8 லட்சம் யுவானைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் சிரிப்பே இல்லாத அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

எதிரணியிடம் ஒரு பலமான வாதம் உண்டு, அதை நானே எடுத்துவிடுகிறேன். தனிவழியைக் கொடுத்ததே அரசுதானே? ஆமாம். சீனக் கைப்பந்து அணியின் முன்னாள் தலைவியான சுன் ஜின்ஃபாங் அந்தத் துணிச்சலைக் காட்டினார், மதிக்கிறேன். ஆனால் உள்ளே இருந்தபடியே உயர முடியும் என்று அவர் நம்பியிருந்தால் எதற்காக வெளியே விட்டார்? தனிவழி பெற்ற நால்வரில் ஒருவர்தானே ஒற்றையரில் வென்றார் என்பீர்கள். ஜெங் ஜியே 2010-ல் ஆஸ்திரேலிய அரையிறுதி ஆடினார். பெங் ஷுவாய் 2014-ல் இரட்டையரில் உலக முதலிடம், அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் ஒற்றையரில் அரையிறுதி. காயம் வாட்டிய யான் ஜியைத் தவிர எல்லோருமே ஏறியிருக்கிறார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்ற, அதே ஹூபெய்யைச் சேர்ந்த ஜெங் சின்வென் பதின்வயதிலேயே பார்சிலோனாவுக்குப் போய் ஸ்பெயின் பயிற்சியாளரிடம் சேர்ந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. 2011 வசந்தத்தில், பிரெஞ்சு ஓப்பனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, கணவரை மாற்றிவிட்டு வெளிநாட்டுப் பயிற்சியாளரை அமர்த்த வேண்டும் என்று லீ நா பழைய ஏற்பாட்டில் மனுக் கொடுத்திருந்தால், அந்தக் கோப்பு எந்த மாதம் கையெழுத்தாகித் திரும்பியிருக்கும்? பதிலை நடுவரிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.