கோஸ்டா காபியை வரவிடாத ஊர், ஆனா நிலத்தை விட்ட ஊர்: டோட்னெஸ் கதை

(ஸ்க்ரீன்ல: ஏத்தமான ஒரு கடைத்தெரு, ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன கடைங்க)

வணக்கம் மக்களே. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில டெவன் மாவட்டம் இருக்கு, அதுல டோட்னெஸ்னு ஒரு ஊர், மொத்தமே ஒரு 8,000 பேர் இருப்பாங்க. 2012ல இந்த ஊருக்குள்ள கோஸ்டா காபி, அதாவது நாடு முழுக்க கிளை வெச்சிருக்குற ஒரு பெரிய காபி கடை கம்பெனி, ஒரு கிளை தொறக்க வந்தாங்க. ஊர்ல ஏற்கனவே காபி கிடைக்கிற இடமே சுமார் 40 இருந்துச்சு, எல்லாம் உள்ளூர் ஆளுங்க சொந்தமா நடத்துறது, அதனால ஜனங்க கடுப்பாயிட்டாங்க. 5,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. 8,000 பேர் ஊருக்கு இது எவ்ளோ பெரிய நம்பர்னு யோசிங்க.

அப்புறமும் கவுன்சில் பர்மிஷன் குடுத்துடுச்சு. கவுன்சிலைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, அங்க திட்டமிடல் சட்டப்படி "இந்தக் கட்டிடத்துல காபி கடை வரலாமா"ன்னுதான் பாக்க முடியும், "யாரோட காபி கடை"ன்னு பாக்க முடியாது, பக்கத்து கடைக்காரன் வியாபாரம் படுத்துடுமேங்கிறதெல்லாம் காரணமாவே எடுத்துக்க மாட்டாங்க. அதாவது சட்டத்துல வழியே கிடையாது. ஆனா எதிர்ப்பு அடங்கல, கம்பெனி மேலாளுங்களே நேர்ல வந்து பேசிப் பாத்தாங்க, கடைசியில அக்டோபர்ல "நாங்க வரல"ன்னு அவங்களாவே வாபஸ் வாங்கிட்டாங்க. கையில பர்மிஷன் இருக்கு, இருந்தும் போயிட்டாங்க! கெட்ட பேரு வரும்ங்கிற பயம்தான், வேற என்ன.

(ஸ்க்ரீன்ல: டோட்னெஸ் பவுண்ட் நோட்டு)

இந்த ஊரு இதுக்கு முன்னாடியே இன்னொரு வேலை பாத்துச்சு. 2006ல ராப் ஹாப்கின்ஸ்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் சேந்து "டிரான்சிஷன் டவுன்"னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, பெட்ரோல் டீசல நம்பாம ஊரு தன் சாப்பாட்டையும் கரன்ட்டையும் முடிஞ்சவரை தானே பாத்துக்கணும்ங்கிறது ஐடியா. அதுல இருந்து வந்ததுதான் 2007ல அடிச்ச டோட்னெஸ் பவுண்ட், முதல்ல வெறும் 300 நோட்டு. சிம்பிள்தான், ஒரு பவுண்ட் குடுத்தா ஒரு டோட்னெஸ் பவுண்ட் தருவாங்க, நிஜ பவுண்டு பத்திரமா பேங்க்ல கிடக்கும், இந்த நோட்டை ஊருக்குள்ள இருக்குற கடைங்கதான் வாங்கும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுல நீங்க செலவு பண்ற காசு சாயங்காலமே ஹெட் ஆபீஸுக்குப் போயிடும், ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி. ஆனா இந்த நோட்டை ஹெட் ஆபீஸ் வாங்கி என்ன பண்ணும்? பேக்கரிக்காரர் காய்கறிக்காரர்கிட்ட குடுப்பாரு, அவர் சைக்கிள் ரிப்பேருக்குக் குடுப்பாரு, ஊருக்குள்ளயே சுத்தும். 2014ல புது நோட்டுங்க விட்டாங்க, அதுல ஒண்ணு 21 பவுண்ட் நோட்டு. ஏன் 21ன்னு மண்டையப் போட்டு உடைச்சுக்காதீங்க, குசும்புதான்.

2019ல இத நிறுத்திட்டாங்க. ஜனங்களுக்குப் புடிக்காம இல்ல, எல்லாரும் கார்டு தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க, பர்ஸுல நோட்டே வெச்சுக்கறது இல்ல, அப்புறம் எங்க இருந்து சுத்தும். கொஞ்சம் கொடுமையான விஷயம் என்னன்னா ஒவ்வொரு தேய்ப்புக்கும் கார்டு கம்பெனிக்கு ஒரு சின்ன கமிஷன் போகுது, அதாவது எந்த ஓட்டையை அடைக்கணும்னு நினைச்சாங்களோ அதே ஓட்டை வேற பக்கமா தொறந்துக்கிச்சு.

சரி, இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் ஏன் இந்த ஒரு ஊர்ல வந்து சேந்தாங்க? பக்கத்துல டார்ட்டிங்டன் ஹால்னு ஒரு பழைய எஸ்டேட் இருக்கு. 1925ல லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டோரதின்னு ஒரு தம்பதி அத வாங்கினாங்க. லியனார்ட் அதுக்கு முன்னாடி வங்காளத்துல தாகூர் கூட ஸ்ரீநிகேதன்ல கிராம வேலை பாத்தவரு, அங்க கத்துக்கிட்டதத்தான் இங்க வந்து விவசாயம், கைத்தொழில், பள்ளிக்கூடம்னு செஞ்சு பாத்தாரு. காசு டோரதியோடது, அவங்க அப்பா நியூயார்க்ல டிராம் கம்பெனிங்கள்ல சம்பாதிச்ச பெரும் பணக்காரர். கார்ப்பரேட்டுக்கு மாத்து தேடின இடமே கார்ப்பரேட் காசுல நின்னுச்சு, நான் இத குறையா சொல்லல, ஆனா மறைக்கவும் கூடாதுல்ல.

அங்கயே அப்புறம் ஷூமாக்கர்ங்கிற பொருளாதார நிபுணர் பேர்ல ஒரு காலேஜ் வந்துச்சு, சதீஷ் குமார்னு நம்ம நாட்டுக்காரர்தான் முன்ன நின்னு தொடங்கினாரு. இந்த ஷூமாக்கர் சின்ன அளவு பொருளாதாரம் பத்தி 1973ல எழுதின புத்தகத்துல யார மேற்கோள் காட்டுறாரு தெரியுமா? ஜே.சி. குமரப்பா! தஞ்சாவூர்ல பொறந்து, லண்டன்ல ஆடிட்டிங் படிச்சு, பம்பாய்ல ஆடிட் கம்பெனி நடத்தி, எல்லாத்தையும் விட்டுட்டு காந்தி கூட கிராமத் தொழிலுக்குப் போனவரு, கடைசி காலத்துல மதுரை பக்கம் டி. கல்லுப்பட்டியில இருந்தாரு. டெவன்காரங்களுக்குத் தெரிஞ்ச அளவுகூட இங்க நிறைய பேருக்கு அவரத் தெரியாது, எனக்கு அதுல ஒரு ஆத்திரம் உண்டு.

(ஸ்க்ரீன்ல: ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காலி தொழிற்சாலை)

இப்ப முக்கியமான இடம். டோட்னெஸ் ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய பால் பண்ணை ஃபேக்டரி இருந்துச்சு, 2007ல மூடிட்டாங்க. ஊர்க்காரங்க பல வருஷம் உக்காந்து பிளான் போட்டாங்க, உள்ளூர் ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகுற வீடு, சின்னத் தொழிலுக்கு இடம், எல்லாம் ஊரே சேந்து வெச்சுக்கிறது. 2016ல வாக்கெடுப்பு நடந்துச்சு, ஓட்டுப் போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க சரின்னு சொன்னாங்க, பர்மிஷனும் கிடைச்சுச்சு. ஆனா நிலம் அந்தப் பால் கம்பெனிக்குச் சொந்தம். 2020ல அத வேற ஆளுக்கு வித்துட்டாங்க, அவ்ளோதான்.

காபி கடைக்கு ஒரு பேரு இருக்கு, பேரு கெட்டுடும்னு பயமிருக்கு, அதனால கையெழுத்து வேலை செஞ்சுச்சு. ஒரு காலி நிலத்துக்கு ஏது பேரு? அங்க பத்திரம்தான் பேசும். மாற்றுக் கலாச்சாரம், நம்ம ஊர் நம்ம கடைன்னு போஸ்டர் ஒட்டுறவங்க பெரும்பாலும் இந்த இடத்துலதான் தடுக்கி விழுறாங்க, போர்டு கண்ணுக்குத் தெரியும், கட்டிடத்தோட ஓனர் தெரிய மாட்டாரு. ஊர்ல வாடகையும் வீட்டு விலையும் ஏறிக்கிட்டே போறப்போ அந்த சின்னக் கடைக்காரங்க எத்தன நாள் தாங்குவாங்க?

அதே ஊர்ல நிக்கிறது எதுன்னு பாத்தா, 2007ல ஆரம்பிச்ச டோட்னெஸ் ரினீவபிள் எனர்ஜி சொசைட்டி. ஊர் ஜனங்களே ஷேர் போட்டு கூரைங்க மேல சோலார் வெச்சாங்க. எத்தன ஷேர் வெச்சிருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான், அதனால பெரிய காசுக்காரர் ஒருத்தர் வந்து மொத்தமா வளைச்சுப் போட முடியாது. அடுத்த வீடியோல இந்த மாதிரி சொசைட்டிய எப்படி பதிவு பண்றாங்க, நம்ம ஊர் கூட்டுறவு சட்டத்துல என்ன இடம் இருக்குன்னு பாப்போம்.