இரத்தத்துக்குப் பச்சை அடித்தவர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் எங்கே தடுமாறுவேன் என்று முன்வரிசையில் காத்திருக்கும் எதிரணியின் சொந்தக்காரர்களுக்கும், திருகோணமலைக் கோணேசர் மண்ணுக்கும் வணக்கம்.

"வன்முறை வீடியோ கேம்: இளையோரைக் கெடுக்கிறதா, வீண்பழி சுமக்கிறதா?" இதுதான் இன்றைய வழக்கு. வீண்பழி என்கிற அணியில் நான் இரண்டாவது ஆள். எதிரணித் தலைவர் சேர் நல்லாகத்தான் பேசினார். அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் சுட்ட பெடியங்கள் டூம் என்ற சுடுகிற கேம் விளையாடினவர்கள், எங்கட பெடியங்கள் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் விளையாடுகிறார்கள், ஆனபடியால் கம்பனிகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கவேணும் என்றார். மண்டப வாசலில் மேசை போட்டுக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். 'கொலை விளையாட்டுகளைத் தடைசெய்' என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை.

நான் ஆர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சேர் கண்டுபிடித்துச் சொன்னால் வடிவில்லை. அநுராதபுரச் சந்திப் பக்கம் கொம்யூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம். அதோடு கேமுக்கு டயமண்டும், அதாவது கேமுக்குள் செலவழிக்கிற காசு, போட்டுக் கொடுக்கிறேன். ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு எதிரிதான், நடுவர் ஐயா. குற்றவாளிக் கூட்டிலிருந்துதான் பேசுகிறேன்.

சேர் கொலம்பைனைச் சொன்னார். அது 1999. அதற்குப் பிறகு அங்கே கொல்லப்பட்ட ஆசிரியர் ஒருவரின் குடும்பம் கேம் கம்பனிகள் மீது வழக்குப் போட்டது, 2002இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இதைச் சேர் சொல்லவில்லை. நேரம் போதாமல் போயிருக்கும்.

இது நேற்றுத் தொடங்கின சண்டையும் இல்லை. 1976இல் அமெரிக்காவில் எக்ஸிடி என்ற கம்பனி டெத் ரேஸ் என்று ஒரு மெஷினை இறக்கியது. காசு போட்டுக் காரை ஓட்டவேணும். திரையில் ஓடுகிற குச்சி உருவங்களை மோதினால் 'கீச்' என்று ஒரு சத்தம், மோதின இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான். ஊரே கொதித்தது, பத்திரிகை எழுதியது. என்ன நடந்தது தெரியுமா? விற்பனை ஏறியது! கம்பனிக்காரன் செலவில்லாமல் விளம்பரம் கிடைத்தது என்று சிரித்திருப்பான்.

பிறகு 1993. மோர்டல் கொம்பாட். தலையைப் பிடுங்குகிற சண்டை. அந்த வருசம் டிசம்பரில் ஜோ லீபர்மன் என்ற செனட்டர் விசாரணையே வைத்தார், அதன் பலனாக அடுத்த வருசம் பெட்டியில் வயது லேபல் ஒட்டுகிற முறை வந்தது. ஆனால் அதற்கு முன்னமே நின்டென்டோ கம்பனி ஒரு நல்ல பிள்ளை வேலை பார்த்திருந்தது. தன்னுடைய பதிப்பில் இரத்தத்தை எடுத்துவிட்டு வேர்வை ஆக்கியது. அடித்தால் வேர்வை தெறிக்கும்! போட்டிக் கம்பனி செகாவின் பதிப்பில் பொத்தான்களை இரகசிய வரிசையில் அழுத்தினால் இரத்தம் வரும். எது கூட விற்றது என்று உங்களுக்குச் சொல்லவும் வேணுமா?

1997இல் இங்கிலாந்தில் கார்மகெடன். ஆட்களைக் காரால் அடிக்கிற கேம், விடமாட்டோம் என்றார்கள். சரி, ஆட்களை நடமாடுகிற பிணம், அதுதான் ஸோம்பி, ஆக்கி, இரத்தத்தைப் பச்சை ஆக்கிக் கொடுத்தான், விட்டார்கள். 2020இல் இந்தியா பப்ஜியைத் தடைசெய்தது. அப்போதுகூடச் சொன்ன காரணம் கொலை இல்லை, நாட்டின் பாதுகாப்பும் பாவனையாளரின் தரவும். அடுத்த வருசம் அதே கேம் வேறு பெயரோடு திரும்பி வந்தது. இரத்தம் என்ன நிறம்? பச்சை!

நடுவர் ஐயா, 45 வருசம் கத்தி நாங்கள் வென்றெடுத்தது ஒரு பெயின்ட் கலர்.

கலிஃபோர்னியாவில் 2005இல் பிள்ளைகளுக்கு வன்முறை கேம் விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கையெழுத்து வைத்த ஆளுநர் ஆர்? ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னெக்கர்! படம் படமாக மெஷின்கன் தூக்கிச் சுட்ட மனுசன். உச்ச நீதிமன்றம் 2011இல் ஏழுக்கு இரண்டு என்று அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையிலேயே சூனியக்காரியை அடுப்பில் தள்ளுகிறார்களே என்று தீர்ப்பை எழுதின நீதிபதி ஸ்காலியா எடுத்துக் காட்டினார். அவர் எங்கட சூரன் போரைப் பார்க்கவில்லை. தகப்பன் தோளில் மூன்று வயதுப் பிள்ளையை ஏற்றி வைத்துக்கொண்டு, "அந்தா தலை விழுகுது பார்" என்று காட்டுகிற சனம் நாங்கள்.

ஆராய்ச்சியையும் மறைக்கமாட்டேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கசக்கும். கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு இந்தக் கேம்களுக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது, ஆனால் பாரதூரமான வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. கத்துவதற்குக் கேம்தான் காரணம் என்றால், கிரிக்கெட் நடக்கிற நாளில் என் வீட்டுக்காரரை வந்து பாருங்கோ.

நாங்கள் சின்னனில் என்ன விளையாடினோம்? சேருக்கும் என் வயதுதான், அவருக்கும் தெரியும். தென்னை மட்டையைத் துவக்காக்கி, ஆமி ஒரு பக்கம், இயக்கம் ஒரு பக்கம். வாயாலேயே 'டப டப டப'. நான் பொம்பிளைப் பிள்ளை என்பதால் எனக்குத் துவக்குத் தரமாட்டார்கள். எப்போதும் செத்த ஆள் நான்தான். மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கவேணும், எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது. அப்படி என்னைச் சுட்டவர்களில் ஒருவர் இன்று கிராம சேவகர், ஒருவர் கனடாவில் பஸ் ஓட்டுகிறார். மட்டையைப் பார்த்து நாங்கள் போரைப் படிக்கவில்லை, போரைப் பார்த்துத்தான் மட்டையைத் தூக்கினோம்.

இந்த ஊரில் நின்று வன்முறை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம், நடுவர் ஐயா. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், காந்தி சிலைக்குப் பக்கத்தில், கடற்கரையில் இருந்த மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் இருந்த 13 பேரையும் 2019இல் இதே ஊர் நீதிமன்றம் விடுவித்தது. சுட்டவர்கள் எந்தக் கேமில் பழகினார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

(சத்தமில்லாமல் இருக்கிறீங்கள். பரவாயில்லை, தொடருகிறேன்.)

அப்படியென்றால் கம்பனிக்காரன் உத்தமனா? இல்லை. இங்கேதான் எனக்கும் எதிரணிக்கும் உண்மையான சண்டை. போன மாதம் ஒரு பின்னேரம், ரியூசன் விடுகிற நேரம். பதின்மூன்று வயது இருக்கும், வெள்ளைச் சேர்ட்டில் மைக்கறை. நாலாய் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்து, "அக்கா, டயமண்ட்" என்றான். போட்டுக் கொடுத்தேன். கடை வாசலிலேயே நின்று போனில் ஒரு சக்கரத்தைச் சுற்றினான். அவனுக்கு வேண்டியது தன் ஆளுக்கு ஒரு சிவப்புச் சட்டை. சக்கரம் சுற்றி, அந்தச் சட்டைக்குக் கிட்டப் போய், ஒரு கட்டம் தள்ளி நின்றது. திரும்பவும் சுற்றினான். திரும்பவும் ஒரு கட்டம் தள்ளி. எல்லாம் முடிய ஒன்றரை நிமிசம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அவன் ஒருவரையும் சுடவில்லை. துவக்கே திரையில் இல்லை. "அக்கா, இன்னொருக்காப் போட்டால் கட்டாயம் விழும்" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பஸ் ஸ்டாண்டில் சுவீப் டிக்கட் சுரண்டுகிற ஐயாமாரின் குரல். அது எந்தக் காசு என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேணும்.

ஃபோர்ட்நைட் என்ற கேமில் ஒரு துளி இரத்தம் இல்லை. சுட்டால் ஆள் மறைந்துபோவார், அவ்வளவுதான். எதிரணியின் கணக்கில் அது சுத்தச் சைவம். ஆனால் அதைச் செய்த எபிக் கேம்ஸ் கம்பனி 2022 டிசம்பரில் 520 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. எதற்கு? பெற்றோரைக் கேளாமல் சின்னப் பிள்ளைகளின் விபரங்களை எடுத்ததற்கும், ஒரு பொத்தானைத் தவறுதலாக அமத்தினாலே காசு போகிறமாதிரி வைத்ததற்கும். பெல்ஜியம் 2018இலேயே கேமுக்குள் காசுக்குத் திறக்கிற, உள்ளே என்ன விழும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. அங்கே ஒருவரும் இரத்தத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை.

"பார்த்தீங்களா, கம்பனி பிழை என்று அவவே ஒப்புக்கொண்டுவிட்டா" என்று சேர் எழும்பப் போகிறார். இருங்கோ சேர். கோழி திருடினவனைக் கொலை வழக்கில் கூட்டில் ஏற்றினால் என்ன நடக்கும்? கொலைக்குச் சாட்சி இராது. விடுதலையாகி, கோழியோடு வீட்டுக்குப் போவான். 45 வருசத்துக்கு மேலாக நாங்கள் செய்து கொடுக்கிற உதவி அதுதான். கொலை, கொலை என்று கத்துகிறோம், அவன் பச்சைப் பெயின்டை அடித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறான்.

மணியில் கை வைக்காதீங்கோ ஐயா, முடிக்கிறேன். வாசலில் இருக்கிற அந்தத் தாளில் 'கொலை விளையாட்டு' என்ற வரியை வெட்டுங்கோ. 'பிள்ளையின் போனில் சூதாட்டச் சக்கரம் வைக்காதே, தாய் தகப்பனைக் கேளாமல் காசு எடுக்காதே' என்று எழுதுங்கோ. முதல் கையெழுத்து நான் வைக்கிறேன். எத்தனை பிரதி வேணுமென்றாலும் என் கடையில் சும்மா அடித்துத் தருகிறேன் சேர். ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டு பக்கம் என்றால் காசு.