நீக்கினாலும் எலி பிழைக்கிறது என்றால் அந்த டிஎன்ஏ குப்பையா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எலியிலும் மனிதரிலும் மாறாமல் இருக்கும், புரதம் உருவாக்காத டிஎன்ஏ பகுதிகளை நீக்கிய பிறகும் எலிகள் நலமாக வாழ்ந்தனவாமே, அப்படியானால் அவை பயனற்றவைதானே?"

நல்ல கேள்வி. நமது மரபணுத்தொகையில் புரதங்களுக்கான குறியீடு ஏறக்குறைய 1.5 விழுக்காடுதான். மனிதர், சுண்டெலி, எலி ஆகிய மூன்றிலும் தொடர்ந்து 200 எழுத்துகளுக்கு (டிஎன்ஏவின் வேதி அலகுகளுக்கு) மேல் ஓர் எழுத்துகூட மாறாத 481 பகுதிகள் இருப்பதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை புரதக் குறியீட்டுக்கு வெளியே உள்ளவை. நமக்கும் எலிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து எட்டுக் கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அவ்வளவு காலமும் சடுதி மாற்றங்கள் நிகழாமல் இல்லை. நிகழ்ந்தவற்றை இயற்கைத் தேர்வு கழித்துவிட்டது.

இவற்றில் பல, மரபணு எங்கே, எப்போது செயல்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் என்ஹான்சர்கள். இதே வகையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று, கைகால் வளர்ச்சிக்கான செட்ஆர்எஸ் என்னும் என்ஹான்சர்; தான் இயக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் அது அமர்ந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரல்களுடன் குழந்தை பிறக்கலாம். எலியின் செட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் குட்டையாகவே நின்றுவிட்டன.

நீங்கள் குறிப்பிடுவது 2007ஆம் ஆண்டுச் சோதனையை என்று கருதுகிறேன். நான்கு பகுதிகளைத் தனித்தனியே நீக்கியும் எலிகள் பிழைத்தன, இனப்பெருக்கமும் செய்தன. ஆனால், வேளாவேளைக்கு உணவு கிடைக்கும், எதிரிகள் இல்லாத கூண்டில் வாழ்வதும், லட்சக்கணக்கான தலைமுறைகள் காட்டில் போட்டியிட்டு நிலைப்பதும் ஒன்றல்ல. பிழைப்பதிலோ இனப்பெருக்கத்திலோ ஆயிரத்தில் ஒரு பங்கு பாதகம்கூடக் காலப்போக்கில் ஒரு மாற்றத்தை அழித்துவிடப் போதும், ஆய்வகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. மேலும், அருகருகே உள்ள என்ஹான்சர்கள் ஒன்றுக்கொன்று ஈடுசெய்கின்றன. 2018இல், மூளை வளர்ச்சிக்கு முக்கியமான ஆர்க்ஸ் மரபணுவுக்கு அருகிலுள்ள பகுதிகளைத் தனியாகவும் இணையாகவும் நீக்கி மூளையை நுணுகிப் பார்த்தபோது, உயிரோடிருந்த எலிகளிலும் வளர்ச்சிக் குறைபாடுகள் தெரிந்தன.

ஆகவே 'குப்பை' என்னும் முடிவு பொருந்தாது. உண்மையான புதிர் வேறு: இத்தகைய என்ஹான்சர்களில் பல எழுத்துகளை மாற்றிய பிறகும் பெரும்பாலானவை தொடர்ந்து வேலை செய்கின்றன என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அப்படியானால் ஓர் எழுத்துகூட மாறாதபடி அவை ஏன் காக்கப்பட்டன என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை.