வரைபடத்தில் தப்பிய தீவு: பிட்கெய்ர்ன்

(திரையில்: வெறும் கடல். நடுவே பச்சையாக ஒரு புள்ளி.)

1767. தென் பசிபிக்கில் ஒரு ஆங்கிலேயக் கப்பல். தூரத்தில் தெரிந்த பாறைத் தீவை முதலில் பார்த்தது ராபர்ட் பிட்கெய்ர்ன் என்ற 15 வயதுப் பையன். கேப்டன் கார்ட்டரெட் அவன் பெயரையே தீவுக்கு வைத்துவிட்டார். அலை பலமாக இருந்ததால் யாரும் கரையிறங்கவில்லை. தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்கும் கடிகாரமும் கப்பலில் இல்லை. அதனால் அவர் படத்தில் குறித்த இடம் 300 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விட்டது.

இந்தத் தப்பால்தான் மீதிக் கதையே நடந்தது.

(திரையில்: பாய்மரக் கப்பல்.)

1789. பவுண்டி என்ற கப்பல், மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, பசிபிக் தீவான தாஹிட்டியிலிருந்து கறிப்பலாக் கன்றுகளை ஏற்றிப் போகிறது. ஏப்ரல் 28 அன்று பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம். கேப்டன் பிளையையும் 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். இனி கடற்படையிடம் சிக்கினால் தூக்குதான். ஒளிய இடம் வேண்டுமே! வரைபடத்தை நம்பித் தேடுகிறவன் கண்ணில் படாத தீவைவிட நல்ல இடம் எது?

1790 ஜனவரியில் தேடிப் பிடித்தார்கள். 9 கலகக்காரர்கள், 6 பொலினீசிய (பசிபிக் தீவுகளின் பூர்வகுடி) ஆண்கள், பத்துக்கும் மேற்பட்ட பெண்கள். இந்தப் பெண்களில் பலரும் கடத்தி வரப்பட்டவர்கள். சாகசக் கதையாகச் சொல்பவர்கள் இதை மெல்லத் தாண்டிவிடுவார்கள். தீவில் ஆளில்லை. ஆனால் பாறைச் செதுக்கல்களும் கல் சிலைகளும் இருந்தன. முன்பே பொலினீசியர்கள் வாழ்ந்துவிட்டுப் போன மண் அது.

கப்பலைக் கொளுத்தினார்கள். அப்புறம் நிலத்தை வெள்ளையர்கள் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். பொலினீசிய ஆண்களுக்கு ஒரு துண்டுகூட இல்லை. 1793இல் வெட்டுக்குத்து, கிறிஸ்டியனும் செத்தார். 1808இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக வந்தபோது, வந்திறங்கிய 15 ஆண்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான் மிச்சம். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும். அந்தத் தாய்மார் வளர்த்த பிள்ளைகளிடம்தான் ஆங்கிலமும் தாஹிட்டியும் கலந்த பிட்கெர்ன் மொழி உருவானது. 1838லேயே இங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது.

(திரையில்: செங்குத்தான கரை, நீளப் படகு.)

இன்று அங்கே இருப்பது ஐம்பது பேருக்குள்தான். விமான நிலையம் கிடையாது. பிரெஞ்சு பொலினீசியாவின் மங்கரேவா தீவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பலில் போக வேண்டும். அலை ஒத்துழைத்தால்தான் படகில் கரையேறலாம். தேன், தபால்தலை, மரச் சிற்பம் இவைதான் விற்பனைக்கு. சிற்பத்துக்கு மிரோ மரம் வேண்டும். அதை வெட்ட ஹெண்டர்சன் தீவுவரை கடலில் போகிறார்கள். மிரோ வேறெதுவும் இல்லை, நம்ம பூவரசுதான். அதில் சுறா செதுக்குகிறார்கள், ஆமை செதுக்குகிறார்கள். முன்னோர்கள் கொளுத்திய பவுண்டியையும் பாயோடு செதுக்கி, வந்துபோகும் கப்பல்காரர்களுக்கு விற்கிறார்கள்.