கதவைக் கழற்றாதீர்கள்
(காரைக்குடியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த ஊரில் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கானாடுகாத்தானிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் ஆச்சிமார்களே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தச்சுத் தொழிலாளர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களுக்கு நன்றி.

'பழைய வீட்டுக் கதவுகளின் அழகு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மரம், தச்சு, பூட்டு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் மரம். நம் முகப்பு நிலைகளில், அதாவது கதவைத் தாங்கும் வாசல் சட்டங்களில், பெரும்பாலானவை பர்மாத் தேக்கு. பர்மாவுக்கு லேவாதேவி என்ற வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், நம் செட்டிநாட்டு வணிகர்கள், அங்கே ஈட்டியதை இங்கே வீடாக நிறுத்தினார்கள். கப்பலில் மரம் வந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு அறுந்தது. அதற்குப் பிறகு அந்த அளவில் ஒரு நிலை செய்ய மரமும் கிடைக்கவில்லை, மடியில் பணமும் இல்லை. இன்று நம் தெருவில் நிற்பவைதான் இருப்பு. ஒன்று போனால் ஒன்று குறைந்தது.

அந்த நிலையின் அருகில் போய்ப் பாருங்கள். மேலே நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் துதிக்கை தூக்கிய யானைகள், கீழே கிளி, கொடி, தாமரை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்து வைத்து, கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் மரம் வேறு நிறமாகியிருக்கும். படியில் நடுப்பகுதி தேய்ந்து வழவழத்திருக்கும். சில வீடுகளில் இரும்புக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிவிட்ட மரக்குடுமிகள் குழிக்குள் உட்கார்ந்து சுழலும். அவ்வளவு கனமான கதவு ஒரு சிறுபிள்ளை தள்ளினால் நகரும். முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டின் முதல் புள்ளி இந்த நிலை. அதைப் பிடுங்கி எங்கோ ஓர் ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைத்தால் அது எதற்குக் கதவு?

இங்கேதான் எனக்குப் பிடித்த பழமொழியைச் சொல்ல வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பழைய சாமான் வியாபாரிகள் இதைச் சொல்லித்தான் வீட்டுக்குள் வருகிறார்கள். "இடிஞ்சா என்ன ஆச்சி, கதவுக்கே காசு இருக்கு" என்பார்கள்.

ஓர் ஆச்சி எனக்குச் சொன்னதைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். காலையில் ஒரு வியாபாரி சின்ன யானை என்கிற சரக்கு வண்டியோடு வாசலில் வந்து நின்றான். ஆச்சி தனியாக இருக்கிறார். "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கூப்பிட்டுப் பட்டாலையில் உட்காரவைத்து, வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார். அவன் சாப்பிட்டுக்கொண்டே கதவுக்கு விலை சொன்னான். "தாராளமா எடுத்துக்கங்க. இந்த வீட்டுக்கு முப்பதுக்கு மேல புள்ளி. அத்தனை பேர் கையெழுத்தும் வாங்கிட்டு வந்துருங்க." புள்ளிக் கணக்கு உங்களுக்குத் தெரியும், ஆணுக்குக் கல்யாணமானால் தனிக் குடும்பமாக ஒரு புள்ளி. ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில், இருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல் சென்னையில் ஒரே தெருவில்! அவனும் விடவில்லை. அடுத்த ஆண்டு பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காகிதத்தோடு வந்தான். பாதிப் பேர் போட்டார்கள், மீதிப் பேர் "அவன் போட்டா நான் போட மாட்டேன்" என்றார்கள். மூன்றாம் முறை ஆசாரியைக் கூட்டிக்கொண்டு, அளவாவது எடுக்கலாம் என்று வந்தான். ஆச்சி ஆசாரியைப் பார்த்து, "நல்ல வேளை வந்தீங்க, கீழ்க்குடுமி ஆடுது, கொஞ்சம் பாருங்க" என்றார். ஆசாரி கதவைத் தூக்கிப் பார்த்தார், ஆப்பு செதுக்கி அடித்தார், எண்ணெய் விட்டார், கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கூலி யார் கொடுத்தது? வியாபாரி! (கைதட்டல்)

அந்த நிலை இன்றும் அங்கேயே நிற்கிறது. பங்காளிச் சண்டையால் பாழான வீடுகளைத்தான் நாம் எண்ணுகிறோம். அதே பங்காளிக் கையெழுத்து ஒரு வீட்டைக் காப்பாற்றியும் இருக்கிறது.

ஆனால் எல்லா வீட்டிலும் அப்படியோர் ஆச்சி இல்லை. அதனால் சட்டத்தைச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டத்தில், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்தப் பொருளும் 100 ஆண்டு பழமை இருந்தால் தொல்பொருள்தான். உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் செய்யக்கூடாது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அதாவது 1920-க்கு முன் வைத்த நிலை எதைப் பெயர்த்தாலும் அது இதற்குள் வருகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. வீடு நின்றால்தானே அந்தப் பட்டியலுக்குப் பொருள்?

யானை இறந்தாலும் ஆயிரம் பொன், சரி. ஆனால் அந்த ஆயிரம் ஒரே ஒரு தடவைதான் வரும். அது முப்பது புள்ளிக்குப் பிரிந்தால் கைக்கு என்ன மிஞ்சும்? நிற்கிற வீட்டைப் பார்க்க வருகிறவர் இந்த ஊரில் தங்குகிறார், சாப்பிடுகிறார், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வாங்குகிறார். யானை உயிரோடு இருந்தால் ஆண்டுதோறும் பொன்.

தச்சைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் சொல்ல நிறைய வைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு மேடையில் பேசுகிறேன். மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஊரிலும் நிலைப் பதிவேடு வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம்: முன்னாலிருந்து ஒரு படம், சிற்பத்துக்கு ஒரு படம், நீள அகலம், கட்டிய ஆண்டு தெரிந்தால் அதுவும். பதிவான கதவு களவு போனால் காவல் நிலையத்தில் காட்டப் படம் இருக்கும். ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபையிலேயே தீர்மானம் கொண்டுவரலாம், மாநகராட்சியில் மாமன்றம் நிறைவேற்றலாம். படிவம் நானே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே மேசையில் இருக்கிறது. ஆச்சிமார்கள் வேன் ஏறுமுன் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.